முதற்பலனாகப் போன வால்வு

1
இந்தக் கதை எனக்கு ஏலத்தில் கிடைத்தது. 1989, அஸ்தினாபுரத்துச் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. எதிலும் முதலாவதைக் கர்த்தருக்கென்று சபையார் முதற்பலனாகப் படைத்து, ஏலத்துக்கு வைத்த பூசணி, முட்டை, கேக்குக்கு நடுவே ஒரு ரப்பர் வால்வு. வேடிக்கை பார்க்கப் போன நான் சும்மா கையைத் தூக்கினேன். போட்டிக்கு ஆளில்லை.

2
வால்வைப் படைத்தவளைப் பற்றி நான் எழுதிய தொடக்கம் இப்படி இருந்தது: 'செல்வமேரியின் விழிகளில் ஒரு விஞ்ஞானியின் கனவு...'

[அடித்துவிட்டேன். அவள் விழிகளில் தூக்கம்தான் இருந்தது. ரப்பர் கம்பெனியில் முதல் ஷிப்டு.]

எங்கள் பக்கத்துக் கைபம்பில் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் தண்ணீர் ஏறும். செல்வமேரி செய்த வால்வு, ஏறிய தண்ணீரை இறங்க விடாது. அதற்குக் காப்புரிமை வாங்கிச் சொந்தப் பட்டறை போட வேண்டும் என்பது அவள் ஆசை. பேட்டன்ட் ஏஜென்ட் சத்தியநாதனைப் பார்க்கத் துணைக்குப் போனேன்.

"வடிவத்த மாத்தி வேற யார்னா செஞ்சா, சார்?"

"வடிவம் எப்படி இருந்தா என்னம்மா? அது வேலை செய்யற விதத்துக்குத்தான் பேட்டன்ட்."

செல்வமேரிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதுவரைக்கும் வெளியில யாருக்கும் காட்டலியே?"

"சபைக்கே காட்னேன் சார். சர்ச் பம்புல மாட்டி அடிச்சேன். அப்பறம் ஏலத்துல இந்த அண்ணன்தான் எடுத்தாரு."

சத்தியநாதன் பேனாவை மூடினார். ஊரறியக் காட்டி விற்றது புதியது ஆகாதாம்; காப்புரிமை கிடைக்காதாம்.

(கதைக்குச் சட்டம் நேர்மாறு. இதில் வடிவத்துக்குத்தான் உரிமை. வார்த்தைகள் மட்டுமே என்னுடையவை; விஷயத்தை எடுத்துக்கொண்டு நீங்களே வேறு மாதிரி எழுதலாம்.)

3
ஐந்து வருடத்தில் அந்த வால்வு கீழ்க்கட்டளை வரை போய்விட்டது. யார் யாரோ செய்து விற்கிறார்கள். செல்வமேரி இன்னும் முதல் ஷிப்டுக்குத்தான் போகிறாள். எனக்கு வயிற்றெரிச்சல். ஆகவே எழுத்தாளனின் கையில் உள்ளதைச் செய்தேன், கதையில் தேதியை மாற்றினேன். விண்ணப்பம் செப்டம்பரில், பண்டிகை அக்டோபரில். பட்டறை, பெயர்ப்பலகை, எல்லாம் சுபம்.

செல்வமேரி படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாண்ணா, ஆபீசுக்கு மொதல்ல குடுத்துட்டு, கர்த்தருக்கு ரெண்டாவதா குடுத்தேன்னு எழுதிக்கீறீங்க?"

"பட்டறை கிடைக்குதே, செல்வமேரி."

"கெடைக்கட்டும். ஆனா அது நான் இல்லியே. வேற பேரு வெச்சிக்குங்க."

4
மெட்டில்டா என்று வைத்துப் பார்த்தேன். மெட்டில்டாவின் பட்டறை நன்றாகவே ஓடுகிறது. இருந்தாலும் செல்வமேரியை விட மனம் வரவில்லை.

விண்ணப்பம்: ________
பண்டிகை: ________

தேதிகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எது முந்துகிறதோ, அதற்குத் தகுந்தபடி மெட்டில்டா, செல்வமேரி இரண்டில் ஒரு பெயரைத் தலைப்புக்குக் கீழே எழுதிவிடுங்கள்.