பதினேழாம் பக்கம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால்தான் பன்னிரண்டு வருஷமாக உயிரோடு இருக்கிறேன். ஆனால் நான் வாழ்க்கையிலேயே அதிகமாகக் கோபப்பட்டது வண்டி ஓட்டுகிற ஆளிடம் இல்லை. நேரில் பார்த்தேயிராத ஒரு கணிதப் பேராசிரியையிடம்.

என் தங்கையை வீட்டில் நத்தை என்றுதான் கூப்பிடுவோம். எந்தச் செருப்பைப் போடுவது என்று பத்து நிமிஷம் யோசிப்பாள். கணக்கில் மட்டும் புலி. முதுகலை முடித்ததும் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். தான் எழுதிய இருபத்துமூன்று பக்கக் கட்டுரையையும் கூடவே அனுப்பினாள். இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். ஒன்று, பெயரைச் சொன்னாலே பெரிய மனிதர்கள் வாயைப் பிளக்கிற பல்கலைக்கழகம். இன்னொன்று, பெயரைச் சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று கேட்கிற இடம். பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் ஒன்றுக்குச் சரி, மற்றதற்கு வேண்டாம் என்று எழுதிவிட வேண்டும். எழுதினால் எழுதியதுதான். ஐந்து வருஷம் அங்கேதான் கிடக்க வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெரிய இடத்துப் பேராசிரியர் கணினியில் வந்து அரை மணி நேரம் பேசினார். சிரித்த முகம். கட்டுரை பிரமாதம், இந்த வயதில் இப்படி எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் வண்டியில் ஏறிய அத்தனை பேரிடமும் தம்பட்டம் அடித்தேன். மூன்றாவது முறையாக லைசென்ஸுக்கு முயன்றுகொண்டிருந்த பல் டாக்டர், கைதட்டுகிறேன் பேர்வழி என்று ஸ்டீயரிங்கையே விட்டுவிட்டார். பிரேக்கை நான்தான் மிதித்தேன்.

அந்த வாரமே சின்ன இடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வாழ்த்து இரண்டே வரி. கீழே நத்தையின் கட்டுரை முழுவதும் ஸ்கேன் செய்து, பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சில் கிறுக்கலோடு. பதினேழாம் பக்கத்தில் ஒரு பத்தியையே கோடு போட்டு அடித்து, 'இது தவறு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டயர் ட்யூபை வரைந்திருந்தார் அந்த இடத்துப் பேராசிரியை. இதென்ன கூத்து என்று கேட்டேன். தன் விதி எல்லா வடிவங்களுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்ததாகவும், நடுவில் ஓட்டை இருந்தால் பொருந்தாது என்று அந்த அம்மா ஒரே படத்தில் காட்டிவிட்டதாகவும் நத்தை சொன்னாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடமும் கொடுத்துவிட்டு இப்படியா ஒரு பெண்ணின் மூக்கை உடைப்பார்கள்? அந்த அம்மாவுக்கு நாலு வரி சூடாக எழுதட்டுமா என்று கேட்டேன். நத்தை காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் வேலை முடித்து அலுத்துவந்த அம்மா, "அவளைக் கொஞ்சம் விடுடி" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் பார்த்தேன். உள்ளே அழுதுகொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். சமாதானம் சொல்லத் தயாராகக் கதவைத் தள்ளினால், தரை முழுக்கக் காகிதம். காகிதம் முழுக்க டயர் ட்யூப். நடுவில் பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். தட்டு தொடாமல் கிடந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. அப்படி அவளை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பதினைந்தாம் தேதி மத்தியானம், கடைசியாக ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்கப் பெரிய இடத்துக்காரர் மறுபடி கணினியில் வந்தார். பாடம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் நானும் வீட்டில் இருந்தேன். நத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பதினேழாம் பக்கத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார்? அவர் யோசிக்கவே இல்லை. அந்தப் பக்கம்தான் கட்டுரையின் உயிர், அருமையான வாதம் என்றார். நத்தை நன்றி சொல்லிவிட்டுக் கணினியை மெதுவாக மூடினாள்.

"அவர் படிக்கலக்கா."

முந்நூறு விண்ணப்பம் வரும், பெரிய மனிதர், எல்லாவற்றையும் வரிவரியாகப் படிக்க அவருக்கென்ன வேறு வேலையா இல்லை என்று நான் பொரிந்து தள்ளினேன். அவர் நல்லவர்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். "சரி, படிக்கல. அதனால என்ன? அங்க போனா உலகமே உன்ன மதிக்கும்" என்றேன்.

நத்தை கோபப்படவில்லை. மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"ஆறு வயசுலேர்ந்து எல்லாரும் என்னைக் கெட்டிக்காரின்னு சொல்றீங்க. நீயும்தான். நான் போட்ட கணக்கு சரியான்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடப் பாத்ததில்லக்கா. தப்பா இருந்தாலும் எனக்குத் தெரியப்போறதில்லன்னு எவ்வளவு பயந்திருக்கேன் தெரியுமா? அவங்கதான் முதல்முதல்ல பாத்தாங்க."

வீட்டுக்கு யார் வந்தாலும் அவளை இழுத்துவந்து பெரிய பெரிய எண்களைப் பெருக்கிக் காட்டச் சொன்னது யார்? நான்தான். விடை சரியா என்று எங்களில் யாருக்குத் தெரியும்? விருந்தாளி கைதட்டினால் நானும் தட்டுவேன். என் வேலையிலும் அதே கதைதான். 'நல்லா ஓட்டறீங்க' என்று நான் சொல்கிறபோதெல்லாம் என் கண் பெரும்பாலும் போனில் இருக்கும். கத்துகிறபோதுதான் சாலையைப் பார்க்கிறேன். அவள் இத்தனை வருஷம் பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

"அப்ப எழுது" என்றேன்.

நத்தை எழுதத் தொடங்கினாள். இரண்டே இரண்டு கடிதம், அதற்கு இரண்டு மணி நேரம். நாலே முக்காலுக்கு, முடித்துவிட்டேன், அனுப்பப் போகிறேன் என்றாள். வழக்கமாக இருந்தால், நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும், அனுப்பு என்றிருப்பேன்.

"இரு. நான் பாக்கறேன்" என்றேன்.

நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எதிரே வண்டி வருகிற சாலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். முதல் கடிதத்தில் நன்றி இரண்டு தடவை வந்திருந்தது. ஒன்றை எடுக்கச் சொன்னேன். இரண்டாவது சுத்தமாக இருந்தது. அப்புறம் திரையில் மேலே இருந்த முகவரிகளைப் பார்த்தேன். தூக்கிவாரிப்போட்டது. 'உங்களிடம் சேர்வதில் மகிழ்ச்சி' பெரிய இடத்துக்குப் போகத் தயாராக இருந்தது. 'மன்னிக்கவும், வர இயலவில்லை' பென்சில்காரம்மாவுக்கு.

"நத்தை, இது தப்பு" என்றேன், விரலை வைத்துக் காட்டி.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு இரண்டு முகவரியையும் மாற்றிவிட்டு, அப்படியே என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் சாய்ந்ததில்லை. அதட்டுவதற்கு என்னிடம் நாலைந்து வார்த்தை தயாராக இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை பாருக்கா" என்றாள்.

ஐந்து மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.