செய்யூர் ஏசுதாஸ் ஆஜர்

1996 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, செத்து நாற்பத்திரண்டு நாளாகியிருந்த செய்யூர் ஏசுதாஸ் செங்கல்பட்டு கோர்ட்டில் ஆஜரானார். தன் மனைக்குள் முக்கால் அடி தள்ளிப் பக்கத்து வீட்டு பக்தவத்சலம் சுவர் வைத்துவிட்டதாக அவர் போட்ட வழக்குக்கு அப்போது நாலு வயது. கட்சிக்காரர் காய்ச்சலில் இறந்துபோனதைக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்க அவருடைய வக்கீல் மறந்துவிட்டார். அதைச் சொல்லத்தான் மனைவி ரெஜினா வந்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் டவாலி நரசிம்மன் வழக்கப்படி வாசலில் நின்று பெயரை மூன்று முறை கூவினார். மூன்றாவது கூவலுக்கு ஏசுதாஸ் படியேறி வந்தார். அடக்கம் பண்ணியபோது போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. "பஸ்ஸு லேட்டாயிடுச்சிம்மா" என்று நீதிபதியைக் கும்பிட்டார்.

வாதி இறந்துவிட்டார், என் கட்சிக்காரரே குழியில் ஒரு பிடி மண் போட்டவர் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி வசுமதி வழக்குக் கட்டைப் புரட்டினார். இறந்ததற்குக் காகிதம் இல்லை, ஆளோ எதிரே நிற்கிறார். காகிதமும் ஆளும் ஒரே மாதிரி சொல்வது கோர்ட்டில் அபூர்வம் என்பதால், திருப்தியோடு இரண்டு மாதம் வாய்தா கொடுத்தார். வராந்தாவில் இருந்தவர்கள் செத்தவர் வந்ததைப் பெரிதாகப் பேசவில்லை. கட்சிக்காரர் ஒருவர் கூப்பிட்டவுடன் வந்ததைத்தான் அதிசயித்தார்கள்.

வக்கீல் மறுநாள் மரண மெமோ எழுத உட்கார்ந்தபோது ரெஜினா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் எட்டு வருஷம், வாய்தாவுக்கு வாய்தா, கருவாட்டுக் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு வருவாள். கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் இருவரும் சாப்பிடுவார்கள். சிறுசேரியில் கண்ணாடிக் கட்டிடமாக எழும்புவதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "செவுரு இன்னும் அங்கியேதான் கீதா?" நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சாவு வந்தால் மனுஷனுக்குப் புத்தி வரும் என்று நினைப்பவர்கள் செத்தவர்களோடு பழகாதவர்கள். ஐந்து மணிக்குக் கோர்ட் முடிந்ததும் உட்கார்ந்த இடத்தில் ஆள் இருக்கமாட்டார். ரெஜினா அவரைத் திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறுவாள். ஆனாலும் அடுத்த தேதி வரைக்கும் சந்தோஷமாக இருப்பாள்.

2004இல் பக்தவத்சலம் தானே கடப்பாரை எடுத்துச் சுவரை இடித்தார். "நாளிக்கி நான் செத்தாலும் இந்தாளு வுடமாட்டான்பா, கோர்ட்டுக்கு இட்டுகினுதான் இருப்பான்" என்றார். பயந்த மனிதனுக்கு வரும் ஞானம் படித்த மனிதனுக்கு வருவதில்லை. வழக்கு ஏசுதாஸ் பக்கம் தீர்ப்பானது. அவர் மீசையை முறுக்கினார், ஐந்து மணிக்கு இல்லாமல் போனார். ரெஜினா தேம்பித் தேம்பி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று வக்கீல் நினைத்துக்கொண்டார். வழக்கு முடிந்தது, இனி அவர் பெயரைக் கூவ யாருக்கும் வேலையில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் புரிந்தது.

மறுவாரமே அவள் வக்கீலிடம் போனாள். புருஷன் எட்டு வருஷமாக வீட்டுக்கு வருவதில்லை, சேர்ந்து வாழ உத்தரவு போட வேண்டும் என்றாள்.

"செத்தவர் மேலயா மனு?"

"செத்துட்டாருன்னு எங்கனா எழுதிக் கீதா சார்? கூப்ட்டுப் பாரு, வருவாரு."

நரசிம்மன் மூன்று முறை கூவினார். ஏசுதாஸ் கொதித்துக்கொண்டு வந்தார். "நானாடி வுட்டுட்டுப் போனேன்? காய்ச்சல் இட்டுகினு போச்சி!"

"போனியே, வூட்டுக்கு வர்றதுக்கு இன்னா கேடு? செவுருக்கு வரத் தெரிஞ்சிதில்ல?"

ஏசுதாஸ் முதல் தடவையாகத் தலை குனிந்தார். "நீ கூப்புடவே இல்லியே" என்றார்.

பிரிந்திருக்கச் சட்டப்படி தக்க காரணம் எதையும் எதிர்மனுதாரர் காட்டவில்லை என்று வசுமதி எழுதினார். காய்ச்சலுக்கு மருத்துவச் சான்றும் தாக்கலாகவில்லை. மனைவியோடு போய்க் குடித்தனம் நடத்தும்படி உத்தரவானது. மணி ஐந்தடித்தது, கோர்ட் கலைந்தது, ஏசுதாஸ் நின்ற இடத்திலேயே நின்றார். செய்யூர் பஸ்ஸில் ரெஜினா இரண்டு டிக்கெட் வாங்கினாள்.