லாபத்தில் பாதி

லேத்துக்காரரும் அவருடைய சகலையும் சேர்ந்து கடைசல் பட்டறை தொடங்கியபோது, பணம் முழுவதும் சகலையுடையது. லேத்துக்காரர் போட்டது தன் இரண்டு கைகளை. லாபத்தில் ஆளுக்குப் பாதி. பத்திரம் எழுத வக்கீலிடம் போனபோது லேத்துக்காரர் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார்.

"பட்டறையில நின்னு வேலை செய்யாதவனுக்கு லாபத்துல பங்கு கிடையாதுன்னு எழுதுங்க சார்."

பணம் போட்டவர் நாளைக்கே வீட்டில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு.

"உடம்புக்கு முடியாமப் போனா என்னன்னு ஒரு வரி சேத்துக்கலாமே" என்றார் வக்கீல்.

"எங்களுக்கென்ன சார், கல்லு மாதிரி இருக்கோம்."

சகலை மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். மறுநாளே அழுக்குச் சட்டையோடு வந்து நின்றார். ஆர்டர் பிடித்தார், இரும்பு வாங்கினார், மிஷினடியில் சேர்ந்த சுருள்களைக் கூட்டி அள்ளினார். பட்டறை காலூன்றியது. அவர்கள் மனைவிகளான அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து வீடாகப் பார்த்துக் குடிவந்தார்கள்.

சில வருடங்களில் லேத்துக்காரரின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டம்ளரில் தண்ணீர் தளும்பியது. பிறகு ஒரு பம்புத் தண்டை மயிரிழை கூடுதலாகக் கடைந்துவிட்டார். சகலை அதைச் சத்தமில்லாமல் பழைய இரும்போடு போட்டார். அடுத்து வீணானதையும் அப்படியே. இது குணமாகிற நோயில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

கைதேர்ந்த ஒருவன் கிடைத்தான். ஆனால் கூலிக்கு வரமாட்டேன், பங்கு கொடுத்தால்தான் வருவேன் என்றான்.

"அந்த வரிய அடிச்சிடலாம்ணே. மூணு பங்காப் போட்டுக்கலாம்" என்றார் சகலை.

"மூணாப் போட்டா உன் குடும்பம் ஓடுமா?"

சகலை தலையைக் குனிந்துகொண்டார். ஓடும் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று லேத்துக்காரருக்குத் தோன்றியது.

"நான் எழுதச் சொன்னதுதான. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

வீட்டில் மனைவி நம்பவில்லை. "என் தங்கச்சி புருஷன் உங்களக் கழட்டி விட்டுட்டாரு. அதச் சொல்ல உங்களுக்கு வாய் வரல."

"இல்லம்மா. நானாத்தான் விலகினேன்."

அவள் தங்கையோடு பேச்சை நிறுத்தினாள். மாதாமாதம் தங்கை கொடுத்தனுப்பிய பணத்தை வாசலோடு திருப்பி அனுப்பினாள். மருந்து தீர்ந்திருந்தது. வாங்கிக்கொள் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

ஒருநாள் கால் தானாகப் பட்டறைக்கு இழுத்துப் போனது. சகலை ஓடிவந்து, வாடிக்கையாளர்களுக்குப் போடும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். லேத்துக்காரர் உட்கார்ந்தார். நடுங்கும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மிஷின் சத்தத்திலேயே தெரிந்தது, புது ஆள் கெட்டிக்காரன். குறை சொல்ல ஓர் இடம்கூட இல்லை.

சகலை குனிந்து ஏதோ கேட்டார். சத்தத்தில் காதில் விழவில்லை. லேத்துக்காரர் சும்மா தலையை ஆட்டிவைத்தார்.