ஏழாம் ஆண்டின் கரி

பதினோரு வருஷமாக அவள் சோறு தின்றதைவிட ஜப்பானியப் புகை தின்றதுதான் அதிகம். அந்த நாட்டின் ஆலைகள், ஆறுகள், நடுவில் மூச்சுமுட்டிய ஜனங்கள், இவைதான் அவள் ஆராய்ந்த சரித்திரம். பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே புகைபோக்கி.

அவள் எழுதிய புத்தகத்துக்கு முதுகெலும்பு ஒரு சலவைக்காரியின் நாட்குறிப்பு. கரி விழுந்து மறுபடி துவைத்த விரிப்புகளை அந்த மகராசி நாள் தவறாமல் எண்ணி எழுதியிருந்தாள். செம்பு ஆலையின் புகைபோக்கிதான் ஊரைக் கறுப்பாக்கியது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அன்று காலை பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. நாட்குறிப்பு 1918, புகைபோக்கி கட்டியது 1929. பிறக்காத பிள்ளை எப்படி அழுதது என்று மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார். மாலை ஐந்துக்குள் பதில் வராவிட்டால் புத்தகம் இல்லை. புத்தகம் இல்லையென்றால் வேலை நிரந்தரமாகாது.

ஜப்பானில் புதுப் பேரரசர் வந்தால் ஆண்டுக் கணக்கு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். அட்டை கிழிந்த அந்தக் குறிப்பில் 'ஏழாம் ஆண்டு' என்று மட்டும்தான் இருந்தது. அது இருந்த பெட்டியில் யாரோ ஒட்டிய சீட்டில் 'தைஷோ' என்ற பேரரசரின் பெயர் இருக்க, இவளும் கண்ணை மூடிக்கொண்டு 1918 என்று நம்பிவிட்டாள். அடுத்து வந்த பேரரசர் ஷோவாவின் ஏழாம் ஆண்டு என்றால் 1932, எல்லாம் பொருந்தும். ஆனால் நிரூபிக்க வேண்டுமே!

மேசை, தரை, நாற்காலி எங்கும் நகல் பக்கங்கள். மதியம் வந்த பல் டாக்டர் கணவருக்குத் தட்டு வைக்க ஓரங்குல இடமில்லை. கையில் ஏந்தியபடி நின்றே சாப்பிட்டார். அவள் வாய்விட்டு வாசித்துக்கொண்டே போனாள்: பிப்ரவரி இருபத்தெட்டு: பன்னிரண்டு விரிப்பு. இருபத்தொன்பது: முப்பத்தொரு விரிப்பு...

"பாவம் அந்தம்மா, என் பிறந்தநாள்ல கூட லீவு போடலையா?" என்றார் அவர்.

நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள், அதனால் தனக்கு இன்னும் சின்ன வயதுதான் என்று கல்யாண நாளிலிருந்து லட்சம் தடவை சொல்லியிருக்கிறார். இந்த முறை அவள் முகம் சுளிக்கவில்லை. 1918-இல் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான். 1932-இல் இருபத்தொன்பது!

அவள் பாய்ந்து கட்டிப்பிடித்ததில் தட்டு கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மூன்றரை மணிக்கு அவள் பதில் போனது. ஐந்து மணி அடிக்குமுன் பதிப்பகம் ஒப்புக்கொண்டது. மதிப்பீட்டாளர் மன்னிப்பே கேட்டிருந்தார்.

சட்டைக் கறையை இன்னும் துடைத்தபடி டாக்டர் தன் பங்கைக் கேட்டார்.

"என் பேர் எங்க வரும்? முன்னுரையிலயா?"

"அடிக்குறிப்புல. அதுவும் நாலு பதிப்புக்கு ஒரு தடவைதான்."