அவன் அறியாத சொல்

"நேத்து பின்னேரம் வீட்டுக்கு யாரு வந்தது?"

துபாயிலிருந்து கணவன் தினுஷன் ஃபோனில் கேட்டபோது சஞ்சீவனி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிரோஷினி வந்துபோனதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"நிரோஷினிங்க. என்னோட பார்மசில வேல செய்றவ."

"அத முதல்லயே சொல்லியிருக்கலாமே."

கோபமில்லாத குரல். அந்தக் குரலுக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். போன லீவில் வந்திருந்தபோதும் இப்படி அமைதியாகப் பேசிவிட்டுத்தான் அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். இடது மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்குவதில்லை.

கடுகண்ணாவையில் ரயில் பாதைக்கு மேலே இருந்த அந்த வாடகை வீட்டில் நடப்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் வேலை விட்டு வந்த நேரம், ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நேரம் வெளியே இருந்தாள் என்பது, எல்லாம். பக்கத்து வீட்டு மஸீனாதான் சொல்கிறாள் என்று நினைத்து அவளோடு பேச்சை நிறுத்தி ஒரு வருடமாகிறது.

மறுநாள் நிரோஷினி இதைக் கேட்டதும் கையிலிருந்த மாத்திரை அட்டைகளைக் கீழே வைத்தாள்.

"ஆள் யாரும் சொல்லல சஞ்சி. ஒங்க வீட்டு ரவுட்டர் யாரு வாங்கினது?"

"அவருதான் அங்கருந்து கொண்டுவந்தாரு."

"அப்ப அதோட ஆப் அவரு ஃபோன்ல இருக்கும். ஒங்க வைஃபைல எந்த ஃபோன் சேருது, எப்ப வெலகுதுன்னு அங்கருந்தே பாக்கலாம். அன்னைக்கி நான் ஒங்க வைஃபை போட்டேன்ல, என் ஃபோனும் காட்டியிருக்கும்."

அன்று மாலையே நிரோஷினி கூட வந்தாள். ரவுட்டரின் பின்னால் இருந்த சிறு துளைக்குள் ஊக்கை விட்டு, விளக்குகளெல்லாம் அணைந்து மறுபடி எரியும்வரை அழுத்திப் பிடித்தார்கள். பழையதெல்லாம் அழிந்தது. இனி ரவுட்டருக்குள் நுழைய ஒன்று, வைஃபைக்கு ஒன்று என இரண்டு கடவுச்சொற்கள் வைக்க வேண்டும்.

"அவருக்குத் தெரியாததா போடு" என்றாள் நிரோஷினி.

சஞ்சீவனி ஃபோனை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். மகளின் பிறந்தநாள், அம்மாவின் பெயர், பிறந்த ஊர் எல்லாமே அவனுக்குத் தெரியும். அவன் அறியாததாக அவளுக்கென்று ஒரு சொல் மிஞ்சியிருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் தோழிகள் வைத்த பட்டப்பெயர் ஞாபகம் வந்தது. அதோடு எண்களைச் சேர்த்து எழுதியபோது சிரிப்பு வந்தது. இரண்டு கடவுச்சொற்களையும் வைத்து முடித்து, வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வழியையும் மூடினார்கள்.

நிரோஷினி போய்க் கொஞ்ச நேரத்தில் அவன் அழைத்தான்.

"ரவுட்டர் ஆஃப்லைன்னு காட்டுது. கரண்ட் இல்லியா?"

கரண்ட் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"இருக்குங்க. நான்தான் மாத்திட்டேன்."

அதே கோபமில்லாத குரலில் அவன் சொன்னான்.

"சரி. வெள்ளிக்கிழம வாறேன்."

விடிந்ததும் தெல்தோட்டையிலிருக்கும் அண்ணனிடம் வருவதாகச் சொல்லிவிட்டு, கொடியில் காயாமல் கிடந்த மகளின் வெள்ளைச் சீருடையைப் பிழிந்து பையில் திணித்தாள். கண்டியில் பஸ் மாறி ஏறி உட்கார்ந்தபோதும் பை சொட்டிக்கொண்டிருந்தது. இருக்கைக்கு அடியில் மெல்ல ஓடிவந்த தண்ணீரில் நனையாமலிருக்க, மகள் சப்பாத்துப் போட்ட இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.