அடுக்கு மூணு

எங்கள் குடோனில் பெட்டி சேதமானால் அதற்குப் பெயர் உடைசல். உடைசலை அழித்துவிடச் சொல்லி ஆபீசிலிருந்து தாள் வரும். நாங்கள் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆட்கள். சோப்பு என்றால் உடம்பில் தேய்த்து அழிப்போம். பிஸ்கட் என்றால் வயிற்றில் போட்டு அழிப்போம். ஒரு தடவை நாலு பாக்கெட் பிஸ்கட்டை அழித்து முடித்த பிறகுதான் அட்டையில் நாய்ப் படம் இருந்ததைப் பார்த்தோம். படத்தில் நாய் சந்தோஷமாக இருந்தது. எங்களுக்கும் அன்றைக்கு ஒரு குறையும் இல்லை.

நாங்கள் என்றால் நாலு பேர். மேஸ்திரி, மொட்டை, கிராப்பு, நான். லாரி வந்து ஷட்டருக்குப் பின்புறம் காட்டி நின்றால் இறக்குவது எங்கள் வேலை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது கிராப்பு. வாசலில் ஸ்டூல் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு எண்ணுவது ஓர் அக்கா. அவளுக்கு ரசீது என்று பேர். சரக்கு அடுக்கிய ஒவ்வொரு பேலட் பலகையும் உள்ளே போகும்போது, "ஒண்ணு உள்ளே! உடைசல் இல்ல!" என்று கத்துவாள். லாரி எஞ்சினை விட அவள் குரல் பெரிசு.

கிராப்புக்கு அந்தப் பேர் முடியால் வந்தது. நாற்பத்து நாலு வயதில் அப்படி ஒரு முடி. கறுகறுவென்று நெற்றியில் இருந்து எழுந்து பின்னால் போய் விழும். ஹெல்மெட்டைக் கழற்றினால் முதல் வேலை சீப்பை எடுப்பது. நாங்கள் நாலு பேரும் ஒரே மூட்டையைத்தான் தூக்கினோம். எனக்கு முட்டி போனது, மேஸ்திரிக்கு இடுப்பு போனது. அவனுக்கும் தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வேலை இன்னும் கைவைக்காமல் விட்டிருந்தது அவன் முடியில் மட்டும்தான்.

போன வருஷம் ஒரு பேலட்டின் மூலை அவன் காலில் விழுந்தது. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் படுத்திருந்தான். கட்டைப் பிரித்தபோது கெண்டைக்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆள் காலி என்று டாக்டரம்மா சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை, ஆறு மாசத்துக்கு, ஒரு நாளும் தவறக் கூடாது.

அவனும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். அவன் மச்சான் மட்டும் நடுவில் வராமல் இருந்திருந்தால் ஒழுங்காகவே முடித்திருப்பான். மச்சான் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். 'முடியைக் கொட்ட வைக்கும் மருந்துகள்' என்று பெரிய பட்டியல். பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை, மனசு சரியில்லாததற்குக் கொடுக்கும் மாத்திரை, பருவுக்குக் கொடுக்கும் மாத்திரை, கூடவே ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை. கிராப்பு ஓடிப்போய் மாத்திரை டப்பாவில் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தான். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. ரசீதிடம் கொடுத்தான். அவள் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தாள்.

"ரத்தக் கசிவு, மூக்கில ரத்தம், வயித்துவலி... ஆமா, முடி உதிர்தலும் இருக்கு. சிலருக்கு வரலாமாம்."

ரத்தக் கசிவு அவன் காதில் ஏறவே இல்லை.

அந்த வாரம்தான் கடவுள் மாதிரி ஒரு உடைசல் வந்தது. ஃபோர்க்லிஃப்டின் முள் ஒரு பெட்டிக்குள் இறங்கிவிட்டது. ஓட்டியது யார் என்று கேட்கக் கூடாது. வேண்டுமென்றே குத்தினானா என்றும் கேட்கக் கூடாது. பெட்டிக்குள் நாற்பத்தெட்டு புட்டி கேப்சூல். வெளியே ஒரு பெண்ணின் படம், இடுப்புக்குக் கீழே வரை முடி.

"முடி வளர்ற கேப்சூல்டா!" என்றான் கிராப்பு.

எத்தனை சாப்பிடுவது என்று கேள்வி வந்தது. புட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னப் படம், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று புட்டி, பக்கத்தில் 3 என்று போட்டிருந்தது. மேஸ்திரி பார்த்த உடனே சிரித்துவிட்டார். இருபது வருஷமாக அவர் பார்க்கிற படம். எங்கள் அட்டைப் பெட்டிகளில் எல்லாம் இதே படம்தான் இருக்கும். பெட்டிமேல் பெட்டி, பக்கத்தில் நம்பர். அதற்கு மேல் அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கும் என்று அர்த்தம்.

"அடுக்கு மூணு" என்றார். "மூணுக்கு மேல போகக் கூடாது. மூணு வரைக்கும் தாராளமா போலாம்."

"ஒரு நாளைக்கா மேஸ்திரி?"

"ஷிப்டுக்குடா. எந்த வேலைக்கு நாள் கணக்கு பார்த்திருக்கோம்?"

ஆக, ஷிப்டுக்கு மூன்று. ரெண்டு ஷிப்டு பார்த்தால் ஆறு. இன்னும் சில வரி அதே எறும்பு எழுத்தில் இருந்தது. ரசீதிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்தான். படம் புரிந்த பிறகு எழுத்து எதற்கு?

மொட்டைக்கும் பங்கு கொடுத்தோம். பேருக்கேற்ற தலை அவனுக்கு, பித்தளைச் செம்பு மாதிரி. "எனக்கு எதுக்குடா? இடிஞ்ச வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்றியா?" என்று பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதையும் நாங்கள் மூன்று பேரே பிரித்துக்கொண்டோம். எனக்கு முடியில் பெரிய அக்கறை இல்லை. சும்மா கிடைத்ததை விடுவானேன் என்றுதான்.

ரெண்டு மாசம் போனது. முதலில் உதடு வெடித்தது. சிமெண்டு லோடு இறக்கியதால் என்று நினைத்தோம். பிறகு நகத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. கையுறை தரம் சரியில்லை என்றார் மேஸ்திரி. எங்கள் மூச்சில் பூண்டு வாடை அடிக்கிறது என்று ரசீது ஸ்டூலை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டாள். நாங்கள் யாரும் பூண்டு பக்கமே போகவில்லை. அதன் பிறகு முடி கொட்ட ஆரம்பித்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு கைப்பிடி. எனக்கு, மேஸ்திரிக்கு, கிராப்புக்கு. நாங்கள் அறிவாளிகள், உடனே காரணத்தைக் கண்டுபிடித்தோம். ஹெல்மெட்! மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு மேனேஜருக்கு மனு கொடுத்தோம். அவரும் நல்ல மனுஷன். ஓட்டை போட்ட புது ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். முடி காற்றோட்டமாகக் கொட்டியது.

கிராப்பு மட்டும் ஹெல்மெட்டை நம்பவில்லை. அவனுக்குத்தான் மச்சானின் பட்டியல் இருக்கிறதே. கேப்சூலை ஷிப்டுக்கு ஐந்தாக்கினான். ரத்த மாத்திரையை என்ன செய்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு காலையில் அவன் வீட்டுக்காரி குடோன் வாசலுக்கு வந்தாள். லாட்ஜுக்குத் துணி வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலை. நீராவியில் வெந்த கை. கையில் ஒரு சீப்பு உறை. அவன் உள்ளே லாரியில் இருந்தான். என்னைத்தான் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இதைப் பாருங்க."

உறைக்குள் சீப்பு இல்லை. மாத்திரைகள். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, விழுங்காமல் சேர்த்து வைத்திருக்கிறான்.

"பத்தொம்போது இருக்கு. தினம் என் முன்னாடிதான் வாயில போட்டான். தண்ணியும் குடிச்சான். நாக்குக்கு அடியில ஒதுக்கி வெச்சுக்கிட்டு பாத்ரூமுக்குப் போயிருக்கான். திருட்டுப் பய."

"நான் சொல்றேம்மா."

"சொல்லுங்க. முடியா உசுரான்னு கேளுங்க. முடிதான்னு சொன்னா, அவன் செத்தப்புறம் முடியை நான் வெச்சுக்கிறேன், ஆளை நீங்க நாலு பேரும் தூக்கிட்டுப் போயிடுங்க. உங்களுக்குத்தான் தூக்கிப் பழக்கம்." சிரிக்காமல் சொன்னாள். கண் சிவந்திருந்தது, நீராவியால் இருக்கலாம்.

டீ நேரத்தில் அவனைப் பிடித்தேன். பேலட் மேல் உட்கார்ந்து, நடுமண்டையில் மிச்சமிருந்த முடியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். பாலம் நிற்கவில்லை.

"காலு என்னடா ஆகும்?" என்றேன்.

"காலு பேண்ட்டுக்குள்ள இருக்கு. தலை வெளிய இருக்கு."

"நெஞ்சுக்குப் போனா?"

"வீக்கமே இல்லடா இப்போ. பாரு." பேண்ட்டை மடித்துக் காட்டினான். லேசாக வீங்கித்தான் இருந்தது. "ஆறு மாசத்துல நாலு மாசம் சாப்பிட்டாச்சு. மீதி ரெண்டு மாசத்துக்கு இருக்கிற முடியையும் கொடுத்துட்டா அப்புறம் என்னை என்னன்னு கூப்பிடுவீங்க? மொட்டைன்னு ஒருத்தன் ஏற்கெனவே இருக்கான்."

நான் அவன் சட்டையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். அவன் நீட்டிய புட்டியிலிருந்து என் மூன்று கேப்சூலை எடுத்து டீயோடு விழுங்கினேன். அவன் வீட்டுக்காரிக்குக் கொடுத்த வாக்கை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு, ரெண்டாம் ஷட்டரில், ஃபோர்க்லிஃப்ட் பாதி வழியில் நின்றது. முள்ளில் பேலட் தொங்கிக்கொண்டிருந்தது. "என்னடா தூங்குற?" என்று மேஸ்திரி கத்தினார். கிராப்பு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினான். முகம் சாம்பல் நிறம். அந்த நிலையிலும் முள்ளைத் தரைக்கு இறக்கிவிட்டுத்தான் சாய்ந்தான். அந்த லோடில் உடைசல் இல்லை.

இறக்கிய லாரியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். சலவைக்கூடத்திலிருந்து அவள் ஈரச் சேலையோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

காலில் இருந்த கட்டியில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. சின்னத் துண்டு. மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள், யாரையும் விடவில்லை. நாலாம் நாள் நாங்கள் போனோம். மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். தலையணையில் முடி. தலையை மறைக்கப் போட்டிருந்த தொப்பியை மரியாதைக்கு நாங்கள் கழற்றினோம். ரசீதும் வந்திருந்தாள்.

டாக்டரம்மா உள்ளே வந்ததும் அவன் குழாயோடு எழ முயன்றான். "டாக்டர், முடி திரும்ப வருமா?"

அவன் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "உசுரு வந்ததைக் கேக்குறானா பாருங்க!"

டாக்டரம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மேஸ்திரியின் தலையை, பிறகு என் தலையை, பிறகு கிட்டே வந்து எங்கள் புருவத்தை. என் புருவம் பாதியில் நின்றுபோயிருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"உங்களுக்கும் கால்ல ரத்தக்கட்டா?"

"இல்லீங்க."

"இந்த மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க."

"அப்போ உங்க முடி எங்கே போச்சு?"

"ஹெல்மெட்" என்றார் மேஸ்திரி.

டாக்டரம்மா மொட்டையிடம் போனார். தலை சுத்தம். ஆனால் புருவம் ரெண்டும் கம்பளிப்பூச்சி மாதிரி தடித்து, மீசை, தாடி, காதில்கூட முடி. "இவர் மட்டும்தான் நல்லா இருக்கார். நீங்க எல்லாரும் சாப்பிட்டு, இவர் மட்டும் சாப்பிடாதது எது?"

மொட்டை வாயைத் திறக்கும் முன் ரசீது கைப்பையைத் திறந்து புட்டியை எடுத்து நீட்டினாள். எங்கள் அலமாரியில் இருந்து எடுத்து வந்திருக்கிறாள். டாக்டரம்மா எறும்பு எழுத்தைப் படித்தார்.

"இதுல எத்தனை சாப்பிட்டீங்க?"

"ஒரு அடுக்குதாங்க" என்றார் மேஸ்திரி. "ஷிப்டுக்கு."

"அடுக்குன்னா?"

மேஸ்திரி படத்தைக் காட்டி விளக்கினார். பெட்டி, நம்பர், நசுங்குவது எல்லாம். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு புட்டியை ரசீதிடம் கொடுத்து, "நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

ரசீது கண்ணாடியை இறக்கினாள். "தினம் ஒன்று மட்டும். முழுப் பலனுக்கு மூன்று புட்டிகள், மூன்று மாதம்." புட்டியைத் திருப்பி, "அளவு மீறினால் முடி உதிரலாம்" என்றாள்.

மொட்டை முதுகு குலுங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வைட்டமின் ஏ, செலினியம்" என்றார் டாக்டரம்மா. "கொஞ்சமா இருந்தா உடம்புக்கு வேணும். அதிகமானா முடியைத்தான் முதல்ல பிடுங்கும். உங்க ரத்த மாத்திரையும் சிலருக்குக் கொட்ட வைக்கும், இல்லன்னு சொல்லல. அடிபட்டுப் படுத்தாலும் சில மாசம் கழிச்சுக் கொட்டும். ஆனா அதெல்லாம் போனா வரும். சந்தேகம் வந்தா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம், வேற மாத்திரை பார்த்திருப்பேன். நீங்க காப்பாத்துறதை நிறுத்திட்டு, கொட்ட வைக்கிறதைக் கூட்டியிருக்கீங்க." மூன்று பேருக்கும் ஈரலைப் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். மீதிப் புட்டிகளை அழிக்கச் சொன்னார். இந்தத் தடவை உடம்புக்கு வெளியே.

கிராப்பு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அப்படியே, "மச்சான் அனுப்பின பட்டியல்ல கேப்சூல் இல்லையே" என்றான். அவன் வீட்டுக்காரி போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டாள். கடைசியில் வீடியோவில் பேசுகிற பொம்பளை கேப்சூலையும் சொன்னாள். கிராப்பு பாதிக்கு மேல் பார்த்திருக்கவில்லை.

இப்போது ரெண்டு மாசமாகிறது. எனக்கும் மேஸ்திரிக்கும் பூனைக்குட்டி மாதிரி முளைத்திருக்கிறது. கிராப்புக்கு இன்னும் சரியாக வரவில்லை. வரும் என்கிறார் டாக்டரம்மா, எப்போது என்று சொல்லவில்லை. ரத்த மாத்திரை இன்னும் ஆறு மாசம், முதலிலிருந்து. மொட்டை என்ற பேரை யாருக்கும் விட்டுக்கொடுக்க மொட்டை தயாராக இல்லை. ஆகவே கிராப்பு கிராப்பாகவே இருக்கிறான்.

அவன் வீட்டுக்காரி என்னை மறுபடி எதையும் சொல்லச் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பை ரசீதிடம் கொடுத்துவிட்டாள். மாத்திரை ரசீதின் பையில் இருக்கிறது. பத்து மணி டீக்கு அவன் வாசலுக்கு வருகிறான். ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். பழக்கத்தில் சீப்பை எடுத்து, வெறும் தலையைப் பார்த்து உள்ளே வைக்கிறான். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறான்.

"தொற."

திறக்கிறான்.

"நாக்கைத் தூக்கு."

தூக்குகிறான். ரசீது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, லாரிக்குள் எட்டிப் பார்ப்பது போல அவன் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறாள். மூன்றாம் ஷட்டர் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறாள்.

"ஒண்ணு உள்ளே! உடைசல் இல்ல!"