ஏழாவது ஆள்

இடது கை ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரி லேசில் உரிந்து வரவில்லை. பாத்திமா மேரி தேங்காயெண்ணெயைத் தொட்டு அதன் ஓரத்தில் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, நகத்தால் நெம்பினாள். நேற்று மத்தியானம் அவள் கணவர் அடைக்கலசாமி தன் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டிக்கொண்டது. பந்தைத் திருகித் திருகி, ஒவ்வொரு சீசனிலும் அந்த விரல் வெடித்துவிடும். மற்ற விரல்களின் நகக்கண்ணில் ஆயில் எஞ்சின் மசி இருந்தது. அது எந்த சோப்புக்கும் போகாது.

“விடும்மா. அப்படியே இருக்கட்டும்,” என்றாள் மகள் சான்ட்ரா.

“பாதி எடுத்தாச்சு. இரு.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. கூடத்தில் பெஞ்சைப் போட்டு, வெள்ளை வேட்டி சட்டையோடு கிடத்தியிருந்தார்கள். வீட்டின் கொல்லைப்புறத்தில் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அப்துல் வஹாப் பாயின் வயல். சம்பா அறுத்த பிறகு அடுத்த உழவு வரைக்கும் அதுதான் நன்னிலம் பிரண்ட்ஸ் கிரிக்கெட் கிளப்பின் மைதானம். நேற்று சாயங்காலம் நாலரைக்கு, மறுநாள் ஆட்டத்துக்காகப் பிட்சில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. திருவாரூருக்குக் காரில் தூக்கிப் போனார்கள். நாடி பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நாற்பத்தாறு வயது.

பிளாஸ்திரி மொத்தமாக வந்தது. உள்ளே தோல் வெளுத்து, பிளந்து கிடந்தது. மேரி அதன் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டுக் கையை மார்பின் மேல் எடுத்து வைத்தாள்.

ஏழு மணிக்கு லியாகத் அலி வந்தார். பஸ் ஸ்டாண்டில் மெடிக்கல் கடை வைத்திருப்பவர், கிளப்பின் செயலாளர். இரவெல்லாம் இங்கேதான் இருந்தார். விடிந்ததும் டெலிபோன் பூத்துக்குப் போனவர் இப்போதுதான் திரும்புகிறார். சுவரோரமாக நின்றார்.

“தஞ்சாவூருக்குப் பேசிட்டேன் மேரி. லீக் செயலாளரு ரொம்ப வருத்தப்பட்டாரு. ஆனா இன்னையோட லீக் முடியுது, தள்ளி வைக்க வழியில்லைங்குறாரு. நாகூர் டீம் அஞ்சு மணிக்கே வேன்ல கெளம்பிடுச்சாம். வந்ததும் சொல்லி அனுப்பிச்சுடுறேன்.”

“அப்ப இதையும் சேத்து மூணு வாக்ஓவர்.”

லியாகத் அலி அவளை நிமிர்ந்து பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து கிரிக்கெட் வார்த்தை எதுவும் வந்து அவர் கேட்டதில்லை.

“ஆமா. மூணாயிட்டா லீக்குலேருந்து பேரை எடுத்துடுவாங்க. போவட்டும். இனிமே எதுக்கு?”

மேரி எண்ணெய்க் கிண்ணத்தைப் பெஞ்சடியில் வைத்தாள்.

சீசன் தொடங்கிய மாசி மாதத்தில் பதினாலு பேர் இருந்தார்கள். மன்னார்குடியில் போய் ஜெயித்துவிட்டு வந்த அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். வேகப்பந்து போடுகிறவனுக்கு சிங்கப்பூர் பெர்மிட் வந்தது. நாகூருக்கு எட்டுப் பேராகப் போய்த் தோற்றார்கள். பங்குனிக் கடைசியில் இன்னும் இரண்டு பேர் துபாய்க்குப் போனார்கள். சித்திரையில் ஒரு ஞாயிறு ஐந்தே பேர் வந்தார்கள். ஆடாமலே புள்ளி எதிரணிக்குப் போனது, முதல் வாக்ஓவர். அன்று இரவு சாப்பாட்டில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தவரிடம் மேரி சொன்னாள், “நடவுக்கே ஆள் கெடைக்காத ஊரு. உங்க ஆட்டத்துக்கு யாரு வருவா? விட்டுத் தொலைங்க.” அவர் சிரித்தார். “ஏழு பேரு இருந்தா ஆட்டம்தான் மேரி. ரூல் அப்படித்தான் இருக்கு,” என்றார். அந்த மாதம் முழுக்க அவருடைய வெள்ளைக் கால்சட்டையை அவள் துவைத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அவரே கிணற்றடியில் உட்கார்ந்து முழங்கால் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

“இப்ப எத்தனை பேரு இருக்கீங்க?” என்று கேட்டாள்.

“ஐயாவு டூட்டியை மாத்திக்கிட்டு வந்துட்டான். அவனோட ஆறு. ஜாபிருக்கு விசா அடுத்த மாசந்தான். இவரு இருந்திருந்தா ஏழு.”

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆண்டனியின் முதுகு மேரிக்குத் தெரிந்தது. அடைக்கலசாமியின் தம்பி. ஒன்பது வருஷத்துக்கு முன்பு, கிளப்பிலேயே நன்றாக அடிக்கிறவன் என்று பேர் வாங்கியிருந்த சமயத்தில், மஸ்கட்டுக்குப் போனவன். எப்போதும் கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான். இந்தத் தடவைதான் மே மாதத்தில் லீவு கிடைத்து, வந்து பத்து நாளாகிறது.

“ஆண்டனி இருக்கானே,” என்றாள்.

அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. “என்னண்ணி பேசுறீங்க? அண்ணன் கெடக்குறாரு. நான் மட்டையைத் தூக்கிட்டுப் போவனா? ஊரு காறித் துப்பும்.”

கூடத்து மூலையிலிருந்து மூத்த நாத்தனார் அருள்ஜோதியும் தொடங்கினாள். “உனக்குப் புத்தி பெரண்டுபோச்சா மேரி? கூடப்பொறந்தவன் தலைமாட்டுல நிக்க வேணாமா?”

மேரி மெழுகுவர்த்தியை மாற்றி வைத்தாள்.

எட்டரைக்கு வேன் வந்தது. யாரோ முனையிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. வெள்ளை உடுப்போடு பதினான்கு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்து பார்த்துவிட்டு வாசலில் போய் நின்றார்கள். கேப்டன் சேக் தாவூது மட்டும் நின்றார். ஐம்பதை நெருங்கியவர், தாடி பாதி நரைத்திருந்தது. கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவரோட பதினஞ்சு வருஷமா ஆடுறம்மா. ஒரு தடவை கூட என்னை ஒழுங்கா அடிக்க விட்டதில்ல,” என்றார். பிறகு லியாகத் அலியிடம் திரும்பினார். “பாய், நாங்க வரலைன்னு எழுதிக்குங்க. வேன் ரிப்பேர்னு நான் சொல்லிக்கிறேன். பாயிண்ட் உங்களுக்கு. கிளப்பு நிக்கும்.”

வாசலில் நின்ற எல்லோருடைய முகமும் இளகியது. லியாகத் அலி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சான்ட்ரா அம்மாவின் காதருகே குனிந்து, “இன்னைக்கு ஜெயிச்சா அவங்கதாம்மா முதலிடம். விட்டுட்டா கப்பு போயிடும்,” என்றாள். ஸ்கோர் ஷீட்டும் புள்ளிப் பட்டியலும் இந்த வீட்டிலிருந்து அவள் கையெழுத்தில்தான் போகும்.

மேரி எழுந்து வந்தாள்.

“வேணாங்க பாய்.”

“அம்மா, நாங்க மனசாரத்தான்...”

“தெரியுது. நாலு மாசம் வெயில்ல நீங்களும் ஆடியிருக்கீங்க. இப்ப விட்டுக் குடுத்தா, எழவைக் காட்டி பாயிண்டு வாங்குன கிளப்புன்னு நாளைக்கு இவங்களை யாராச்சும் சொல்லுவாங்க. அது வேணாம். ஆடுங்க. அடக்கம் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான். சாமியாரு பூசையெல்லாம் முடிச்சுட்டுத்தான் வருவாரு.”

சேக் தாவூது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஏழாவது ஆளு?” என்றார்.

மேரி ஆண்டனியிடம் போனாள். மற்றவர்கள் காதில் விழாதபடிதான் பேசினாள்.

“நீ போன நாள்லேருந்து ஒவ்வொரு வருஷமும் லீக்குக்குப் போற பட்டியல்ல உன் பேரு இருக்கு. ரெண்டாவது பேரு. ஏன் எழுதுறீங்கன்னு சான்ட்ராவும் கேட்டா, நானும் கேட்டேன். லீவுல வந்தா ஆடுவான்னாரு.”

ஆண்டனி நாற்காலியிலிருந்து எழுந்தான். போன ஞாயிறும் அண்ணன் கேட்டார். முதுகு வலி என்று சொல்லிவிட்டு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டான். அன்றும் ஆறு பேர்தான் இருந்தார்கள். இரண்டாவது வாக்ஓவர். திரும்பி வந்தவனிடம் அடைக்கலசாமி, மாதா கோயிலில் கூட்டமா என்று மட்டும் கேட்டார்.

“நான் பேட்டைத் தொட்டே ஒம்பது வருஷமாச்சு அண்ணி.”

“நிக்கத்தானே சொல்றாங்க. போயி நில்லு.”

“ஷூ கூட இல்ல.”

“கட்டிலுக்கு அடியில இருக்கு.”

அவன் உள்ளே போனான். அண்ணனின் ஷூ ஒரு சைஸ் பெரிது. பழைய துணியை முன்பக்கம் திணித்துப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கொல்லை வழியாக வாய்க்காலைத் தாண்டிப் போனான்.

ஒன்பதரைக்கு, பெண்கள் கூடத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மட்டையில் பந்து படும் முதல் சத்தம் வந்தது. செபம் ஒரு நொடி தடுமாறி மறுபடி சேர்ந்துகொண்டது. அருள்ஜோதி கன்னத்தில் கண்ணீர் வழிய மேரியைப் பார்த்தாள். மேரி மணியை உருட்டினாள்.

இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தை அவள் காதில் வாங்கியதில்லை. துவைக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அது எங்கேயோ கேட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. பந்து நன்றாகப் பட்டால் ஒரு சத்தம், ஓரத்தில் பட்டால் ஒரு சத்தம். ஒரு கூச்சல் எழுந்து அடங்கியது.

“விக்கெட்மா. அவங்க கத்துறாங்க,” என்று சான்ட்ரா மெதுவாகச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கைதட்டல்.

“இது?”

“நாலு போயிருக்கும்.”

செபமாலையில் மூன்றாம் காரணிக்கம் முடிந்தது. சைத்தூன் பீவி, லியாகத் அலியின் மனைவி, டீ கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். வெயில் ஏறியது. கைதட்டல் இப்போது அடிக்கடி வந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து தட்டுகிற மாதிரி இருந்தது.

அருள்ஜோதி பொறுக்க மாட்டாமல், “என் தம்பி இங்க கெடக்குறான். கை தட்டுறானுங்க பாரு,” என்றாள்.

“தட்டட்டும்க்கா,” என்றாள் மேரி. பிறகு மகள் பக்கம் சாய்ந்தாள். “இப்ப எத்தனை?”

சான்ட்ரா அம்மாவைப் பார்த்தாள். “போயி கேட்டுட்டு வரவாம்மா?”

“வேணாம். இங்கயே இரு.”

மத்தியானம் ஒன்றரைக்கு அவர்கள் வாய்க்கால் வழியாக வந்தார்கள். ஆண்டனி கிணற்றடியிலேயே நின்றுகொண்டான். முழங்காலெல்லாம் மண். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. ஜாபிர்தான் முன்னால் வந்து சொன்னான்.

“தோத்துட்டோம்க்கா.”

மேரி தலையசைத்தாள்.

“நூத்தி ஆறு அடிச்சோம். ஆண்டனி அண்ணன் மட்டும் அம்பத்தி ரெண்டு. பவுலிங் போட்டப்ப நாங்க ஏழே பேரு, கிரவுண்டு பாதி காலியாக் கெடக்குது. அவங்க ஆளுங்கள்லயே நாலு பேரை தாவூது பாய் எங்களுக்கு ஃபீல்டிங் நிக்க விட்டாரு. அதுல ஒருத்தன் தாவூது பாய் அடிச்ச கேட்சையே ஓடிப்போயி புடிச்சுட்டான்க்கா. புடிச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிறான்.” ஜாபிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டான். “கடைசி ஓவர்லதான் ஜெயிச்சாங்க.”

“ஆடி முடிச்சாச்சுல்ல?”

“முடிச்சாச்சுக்கா. அம்பயர் கையெழுத்துப் போட்டுட்டாரு, இது வாக்ஓவர் இல்ல.”

“சைத்தூன் அக்கா வீட்டுல சோறு ஆக்கியிருக்காங்க. எல்லாரும் போயி சாப்புடுங்க. நாகூர்க்காரங்களையும் கூப்புட்டுக்குங்க. தூக்குறதுக்குத் தெம்பு வேணும்.”

ஆண்டனி சாப்பிடப் போகவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து அண்ணனின் தலைமாட்டில் நின்றான். மேரி பிளந்திருந்த அவன் உள்ளங்கையைப் பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஐந்து மணிக்குப் பெட்டியை மூடினார்கள். ஒரு பக்கம் ஆண்டனியும் ஐயாவுவும் ஜாபிரும், மறுபக்கம் லியாகத் அலியும் சேக் தாவூதும் இன்னொருவனும். யாரும் உடுப்பு மாற்றிக்கொள்ளவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சாமியார் செபம் சொல்லி மந்திரித்து முடித்ததும் ஒவ்வொருவராகக் குனிந்து மண் போட்டார்கள். மேரி மூன்று பிடி போட்டாள். அழுதாளா என்று அருள்ஜோதியால் சொல்ல முடியவில்லை. முக்காடு முகத்தை மறைத்திருந்தது.

மறுநாள் காலை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. மேரி கொல்லைக் கதவைத் திறந்தாள். கோடை உழவு. அப்துல் வஹாப் பாய் வரப்பில் குடையோடு நின்றிருந்தார். வயலில் முக்கால்வாசி உழுதாகியிருந்தது. நடுவில் இருபது அடி அகலத்துக்குத் தொடாமல் விட்டு, டிராக்டர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மேரியைக் கண்டதும் பாய் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“நடுவுல அவரு தண்ணி தெளிச்சு மெத்தி இறுக்கி வச்ச எடம். மனசு வரலம்மா. அப்படியே விட்டுடலாம்னு பாக்குறேன்.”

மேரி அந்த இடத்தைப் பார்த்தாள். சிமெண்டுத் தரைபோல வழவழவென்று, லேசாக வெளுத்து, நீளமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் மட்டை தட்டித் தட்டிக் குழிந்த தடம். ஒரு மூலையில் தண்ணீர் தெளித்துக் காய்ந்த வட்டம்.

“ஓட்டிடுங்க பாய்,” என்றாள். “விட்டா கோரைதான் மொளைக்கும். தையில அறுத்துட்டு அவங்க புதுசா மெத்திக்குவாங்க.”

பாய் டிரைவருக்குத் தலையசைத்தார்.

முதல் ஓட்டத்தில் கலப்பை பதியவில்லை. கொழு இறுகிய களிமண் மேல் கிரீச்சிட்டு வழுக்கிக்கொண்டு போனது. டிரைவர் டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து, கலப்பையை இன்னும் கீழே இறக்கி, மறுபடி ஓட்டினான். இரண்டாவது தடவை வெள்ளையாகக் கீறல் விழுந்தது. மூன்றாவது தடவை மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து புரண்டது. அடியில் ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தது. எங்கிருந்தோ நாலைந்து கொக்குகள் வந்து இறங்கின.